நாய்க்கடி, ஊசி, பயம்: திண்டுக்கல் பக்கத்துக் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற செவிலியரின் பதில்கள்

அரசு மருத்துவமனை ஊசி அறையிலும், பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். நாய்க்கடி பற்றி மனதில் கிடப்பதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. தொடங்காமல் தடுக்கும் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாக இருக்கிறது. நான் பார்த்தவரை, நம் பக்கத்தில் உயிர் போனது ஊசி கிடைக்காததால் இல்லை. "இந்தக் கீறலுக்கா ஊசி", "நம்ம வீட்டு நாய்தானே" என்று நாலு நாள் தள்ளிப் போட்டதால் போனது.

சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு அம்மா: பக்கத்து வீட்டு நாய் என் மகன் காலில் பல்லைப் பதிச்சிருச்சு. லேசா ரத்தம் கசிஞ்சுச்சு. மாமியார் உடனே மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டிட்டாங்க. எரிச்சல்ல விஷம் இறங்கிரும்னு சொல்றாங்க. சரியா சிஸ்டர்?

கட்டை உடனே அவிழ்த்துவிடுங்கள் அம்மா. குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதறிப்போய் இருக்கும்போது இரண்டு நிமிடமே பத்து நிமிடம் மாதிரி தெரியும். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு எதுவானாலும் சரி. கடித்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் கழுவலாம்.

இந்தக் கிருமியின் மேல் கொழுப்பால் ஆன ஒரு மெல்லிய உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்து, கிருமியைச் சாகடிக்கும். கொரோனா காலத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய், எருக்கம்பால் எல்லாமே புண்ணை அரித்துப் பெரிதாக்கும். ஊசி அறையில் எங்களுக்குப் பாதி நேரம் கடிவாயில் ஒட்டியிருக்கும் இதையெல்லாம் கழுவி எடுப்பதிலேயே போகும். பிள்ளைகள் அலறுவதைப் பார்க்க முடியாது.

கழுவிய பின் டிஞ்சர் அயோடின், பீட்டாடின் மாதிரி ஏதாவது இருந்தால் தடவலாம். துணி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம். தையலும் அவசரப்பட்டுப் போடக் கூடாது. பல் பதிந்து ரத்தம் வந்திருப்பதால் இது மூன்றாம் வகைக் கடி, அதாவது ஆபத்து அதிகமான வகை. அதற்குத் தடுப்பூசியோடு கடிவாயிலேயே போடும் சீரமும் (தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள்) வேண்டும். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாமியாரைத் திட்ட வேண்டாம், அவர்களும் பேரன் மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்தார்கள். அடுத்த முறை மிளகாய் டப்பாவுக்குப் பதிலாக சோப்பை எடுக்கச் சொல்லுங்கள், போதும்.

கல்லூரி மாணவர், திண்டுக்கல்: எங்க நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போடுறோம். விளையாட்டுல கையைக் கடிச்சிருச்சு. பத்து நாள் நாயைப் பார்த்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்னு நண்பன் சொல்றான்.

பத்து நாள் கணக்கு உண்மைதான் தம்பி, உங்கள் நண்பர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஊசியை இன்றைக்கே தொடங்கிவிட்டு, நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். நாய் எச்சிலில் கிருமி வரத் தொடங்கினால் சில நாட்களிலேயே அது நோய்வாய்ப்பட்டுச் செத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். அப்போது கடைசி ஊசி தேவையில்லை என்று மருத்துவர் சொல்லக்கூடும். அந்த முடிவை நாம் வீட்டில் உட்கார்ந்து எடுக்கக் கூடாது. நாயின் ஊசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்கு, நரி, கீரிக்குப் பொருந்தாது.

ஆட்டோ ஓட்டுநர், நிலக்கோட்டை: தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு எங்க அப்பா சொல்வார். அதுக்குப் பயந்தே நான் ரெண்டு தடவை கடிபட்டும் போகலை.

உங்கள் அப்பா சொன்னது பொய் இல்லை தம்பி. அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டார்கள். டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911-ல் இமாச்சலப் பிரதேசத்துக் கசௌலியில் உருவாக்கிய முறை அது. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, செயலிழக்கச் செய்து ஊசி மருந்தாக்குவார்கள். அளவு அதிகம் என்பதால் வயிற்றில் போட்டார்கள். வலியும் வீக்கமும் தாங்க முடியாது. சிலருக்கு நரம்பு பாதிப்பும் வந்தது. நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நாய்க்கடி மருந்தோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆட்டு மூளை மருந்து தயாரிப்பதை 2004 டிசம்பரோடு இந்தியா நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது செல் வளர்ப்பில் தயாரித்த சுத்தமான மருந்து. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு மேற்கையிலும் 0.1 மில்லி வீதம் போடுவார்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு அளவுதான் இருக்கும். நான்கு தடவை போனால் போதும். வயிற்றில் யாரும் ஊசி வைக்க மாட்டார்கள். இந்தப் பழைய பயம் மருந்து மாறி இருபது வருஷம் ஆன பிறகும் நம் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து நீங்கள் சவாரி ஏற்றும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு கடிகளுக்கும் நீங்கள் ஊசி போடவில்லை என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எப்போது கடித்தது, அந்த நாய் என்ன ஆனது என்று கேட்டுவிட்டு ஊசி வேண்டுமா என்று அவர் சொல்வார்.

வேடசந்தூரிலிருந்து ஒருவர்: கடிச்ச அன்னைக்கே பக்கத்துல இருக்குற டாக்டர்கிட்ட ஒரு ஊசி போட்டுட்டேன். அது போதும்ல?

சீட்டை எடுத்துப் பாருங்கள். "டி.டி." அல்லது "டி.டி.ஏ.பி." என்று எழுதியிருந்தால் அது ரணஜன்னிக்கான ஊசி. ரேபிசைத் தடுக்காது. "ஏ.ஆர்.வி." என்று இருந்தால் ரேபிஸ் தடுப்பூசி, ஆனால் அது முதல் தவணை மட்டுமே. ஆணி குத்தினாலும் நாய் கடித்தாலும் "ஒரு ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. என்ன ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை ஐயா.

பால் மாடு வைத்திருக்கும் விவசாயி, ஒட்டன்சத்திரம்: வெறிநாய் கடிச்ச மாடு ஒரு மாசம் கழிச்சு வாயில நுரை தள்ளிச் செத்துருச்சு. சாகுறதுக்கு முந்தின நாள் வரைக்கும் தெருவே அந்தப் பாலைக் குடிச்சிருக்கு. எல்லாரும் ஊசி போட ஓடணுமா?

காய்ச்சிய பாலைக் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை. சூட்டில் இந்தக் கிருமி செத்துவிடும். காய்ச்சிய பால், டீ, காப்பி, தயிர் மூலமாக யாருக்கும் ரேபிஸ் வந்ததாகச் சான்று இல்லை. ஒரு மாடு செத்தால் ஊரே லாரி பிடித்து மருத்துவமனைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உண்மையிலேயே கடிபட்டு வந்த குழந்தை வரிசையில் கடைசியில் நிற்கும். பச்சைப் பாலாகக் குடித்தவர் யாராவது இருந்தால் அவர் மட்டும் மருத்துவரிடம் சொல்லட்டும்.

நான் கவலைப்படுவது வேறு ஆட்களைப் பற்றி. மாடு தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக நின்றபோது தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தவர் யார்? சங்கில் மருந்து ஊற்றியவர் யார்? ரேபிஸ் வந்த மாட்டுக்கு விழுங்க முடியாது. அதனால்தான் தொண்டையில் சிக்கியது போலத் தெரியும். அது அடிக்கடி அடிவயிற்றிலிருந்து கத்தும், சாணி போட முக்கும், பின்னங்கால் தள்ளாடும். கையில் கீறலோ வெடிப்போ இருந்து, அதில் எச்சில் பட்டிருந்தால் மாட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கண்டிப்பாக ஊசி வேண்டும். விவசாயம் செய்கிற கையில் வெடிப்பு இல்லாமல் இருக்காது. செத்த மாட்டின் தோலை உரிக்க விடாதீர்கள், ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

இனி ஏதாவது மாட்டை நாய் கடித்தால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மாட்டுக்கும் தவணை முறையில் ஊசி உண்டு.

நத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர்: எங்க ஊருல ஒருத்தர் மூணு தலைமுறையா நாய்க்கடிக்கு வேர் கொடுக்குறார், மந்திரிச்சுக் கயிறு கட்டுறார். அவர்கிட்ட போன யாரும் செத்ததில்லை. இங்கிலீசு மருந்துதான் மருந்துன்னு எப்படிச் சொல்றீங்க?

ஐயா, உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். இது எல்லா ஊரிலும் இருக்கிற நம்பிக்கை. அந்த வைத்தியர் நல்ல மனிதராகவே இருப்பார், பலரிடம் காசு கூட வாங்க மாட்டார்.

ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். நம் தெருவில் கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேபிஸ் கிடையாது. குட்டி போட்ட நாய் கடிக்கும், பயந்த நாய் கடிக்கும், வாலை மிதித்தால் கடிக்கும். அந்தக் கடிக்கு வேர் தின்றாலும் பிழைப்பார், ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் பிழைப்பார். ரேபிஸ் உள்ள நாய் கடித்த எல்லோருக்கும் கூட நோய் வந்துவிடுவதில்லை. எச்சில் எவ்வளவு உள்ளே போனது, எங்கே கடித்தது, இடையில் துணி இருந்ததா என்பதைப் பொறுத்து அது மாறும். ஆக நூறு பேர் அவரிடம் போனால் பெரும்பாலானவர்கள் பிழைத்துத்தான் ஆவார்கள். அந்தப் பெயர் வேருக்குப் போய்ச் சேர்கிறது.

பிழைக்காத ஒருவர் என்ன ஆகிறார்? கடித்து இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல், கடித்த இடத்தில் ஊறல், குத்தல் என்று வரும். அதற்குள் கடி எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும். வீட்டார் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே இறப்பார். "மூளைக்காய்ச்சல்ல போயிட்டான்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். வைத்தியரின் காதுக்கே அது எட்டாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை என்கிறேன்.

கயிறு கட்டிக்கொள்ளுங்கள், கோயிலில் திருநீறு பூசிக்கொள்ளுங்கள், மனதுக்குத் தைரியம் வரட்டும். அதற்கு முன் சோப்பும் ஊசியும் முடிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்தபோது ஒரு கிராமத்து வைத்தியரிடம் பல தடவை போய்ப் பேசினோம். கடைசியில் அவரே "முதல்ல ஊசி போட்டுட்டு வா, அப்புறம் கயிறு கட்டுறேன்" என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் சுவரொட்டிகள் அத்தனையும் சேர்ந்து செய்யாததை அவருடைய அந்த ஒரு வார்த்தை செய்தது. உங்கள் ஊர் வைத்தியரிடமும் நீங்களே இதைப் பேசலாம் ஐயா. நீங்கள் சொன்னால் கேட்பார்.

பத்தாம் வகுப்பு மாணவி: நாய்க்கடி முத்தினா மனுஷன் நாய் மாதிரி குரைப்பான், வயித்துல குட்டி வளரும்னு சொல்றாங்க. நிஜமா?

வயிற்றில் எதுவும் வளராது கண்ணு. கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக ஏறி மூளைக்குப் போகிறது. அங்கே போன பிறகு, தண்ணீர் விழுங்க முயன்றாலே தொண்டைத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த வலிக்குப் பயந்துதான் தண்ணீரைக் கண்டாலே பதறுவார்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் இழுக்கும். அப்படி இழுக்கும்போது குரல் கரகரத்து வெளியே வரும். அதைத்தான் குரைப்பு என்கிறார்கள். எல்லோருக்கும் வெறி வராது. சிலருக்குக் கைகால் மட்டும் மெல்ல மெல்லச் செயலிழக்கும்.

இந்தக் கதைகளால் ஒரு கெடுதல் உண்டு. நோயாளியைக் கட்டிப்போட்டு, கதவைப் பூட்டி, யாரும் கிட்டே போகாமல் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு இடையிடையே நல்ல நினைவு இருக்கும். தன் பெண்டாட்டி பிள்ளையைத் தேடுவார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக மிக அரிது. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். எச்சில் கண்ணிலோ வாயிலோ புண்ணிலோ பட்டிருந்தால் கவனித்துக்கொண்டவர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்: குரங்கு பிறாண்டிருச்சு. வீட்டுல எலியும் கடிக்குது. எல்லாத்துக்கும் ஊசியா?

குரங்குக்கு ஊசி உண்டு, தள்ளிப் போடாதீர்கள். பூனைக்கும் உண்டு, பூனைப் பிறாண்டலை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. வீட்டு எலி, அணில், முயல் கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படாது. புண்ணைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊசி போட்டா கருவாடு, கத்தரிக்காய், கோழி சாப்பிடக் கூடாதாமே? தலைக்குக் குளிக்கலாமா?

எல்லாம் சாப்பிடலாம். குளிக்கலாம். பத்தியம் எதுவும் கிடையாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் "ஊசி போட்டா குடிக்க முடியாதே" என்று ஊசியையே விட்டுவிடுகிறார்கள். குடி எப்படிப் பார்த்தாலும் உடம்புக்குக் கேடுதான், ஆனால் அதற்காக ஊசியை மட்டும் விடாதீர்கள்.

ஆறு மாசக் கர்ப்பிணி: குட்டி நாய் கடிச்சது. ஊசி போட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு அம்மா பயப்படுறாங்க. குட்டிக்கு எப்படி வெறி வரும்னு கேக்குறாங்க.

பயமில்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், கைக்குழந்தைக்கும் தடுப்பூசியும் சரி, சீரமும் சரி, தடையே இல்லை. குட்டிக்கும் ரேபிஸ் வரும். தெருவில் பிறந்த குட்டியை வேறொரு நாய் கடித்தது யாருக்குத் தெரியும்? குட்டி அழகாக இருக்கிறது என்று பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்குவார்கள், அது ஊசிப் பல்லால் எல்லோரையும் கவ்வியிருக்கும். உங்கள் தெருவில் அந்தக் குட்டியோடு விளையாடிய மற்ற பிள்ளைகளையும் விசாரியுங்கள் அம்மா.

தனியார் நிறுவன ஊழியர்: கேரளாவுல ஊசி போட்டும் குழந்தைங்க செத்தாங்கன்னு செய்தி வந்துச்சு. அப்புறம் எதை நம்பிப் போடுறது?

அந்தச் செய்தியைப் படித்து எனக்கும் இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஆனால் அதிலிருந்து ஊசி வீண் என்று முடிவு கட்டினால், இன்னும் பல பிள்ளைகளை இழப்போம்.

தடுப்பூசி என்பது நாற்று நடுவது மாதிரி, விளைச்சல் வீடு வந்து சேர ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் கடையில் வாங்கிச் சாப்பிடும் அரிசிதான் சீரம். இம்யூனோகுளோபுலின் என்று சீட்டில் எழுதுவார்கள். தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருளை, கிருமி நுழைந்த இடத்திலேயே, கடிவாயைச் சுற்றியும் உள்ளேயும் செலுத்துவது அது. முகம், தலை, கழுத்து, விரல் நுனி எல்லாம் நரம்பு நெருக்கமாக இருக்கும் இடங்கள். சின்னக் குழந்தையின் முகத்தில் கடித்தால் மூளைக்குத் தூரம் மிகக் குறைவு. கழுவாமல் வந்தாலோ, சீரம் போடாமல் விட்டாலோ, பல காயங்களில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலோ, தடுப்பூசி விளைச்சல் தருவதற்குள் கிருமி முந்திவிடலாம். எல்லாம் சரியாகச் செய்தும் இழப்பது மிக அரிதாக நடக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

அதனால் மருத்துவமனையில் வாய் திறந்து கேளுங்கள்: "சீரம் போட வேண்டுமா?" அளவை எடையைப் பார்த்து முடிவு செய்வார்கள். குதிரைச் சீரம் என்றால் ஒரு கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் 20. அங்கே இல்லையென்றால் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கே போங்கள். தாமதமாகிவிட்டாலும், முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் சீரம் போடலாம், அதற்குப் பிறகு பயன் இல்லை. பிள்ளையின் உடம்பு முழுக்க, தலைமுடிக்குள்ளும் விரல் இடுக்கிலும், கீறல் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை: பிள்ளைங்க கடிபட்டதை வீட்டுல சொல்றதே இல்லை. என்ன செய்யலாம்?

டீச்சர், இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். உலக அளவில் சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? "அந்தப் பக்கம் போகாதேன்னு சொன்னேன்ல" என்று முதுகில் நாலு விழும். ஊசி குத்துவார்கள். நாயைக் கல்லால் அடித்தது வெளியே வந்துவிடும். அதனால் கால்சட்டையை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்கிறார்கள்.

வாரம் ஒரு நாள் இறைவணக்கக் கூட்டத்தில் "இந்த வாரம் யாரையாவது நாயோ பூனையோ கடிச்சுதா, பிறாண்டுச்சா, புண்ணை நக்குச்சா?" என்று கேளுங்கள். கை தூக்கும் பிள்ளைக்குக் கைதட்டல் கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: கடிபட்டு வந்து சொன்னால் அன்றைக்குத் திட்டும் கிடையாது, அடியும் கிடையாது. சாப்பிடுகிற நாயை, தூங்குகிற நாயை, குட்டியோடு இருக்கிற நாயைத் தொடக் கூடாது, நாய் துரத்தினால் ஓடாமல் மரம் மாதிரி நிற்க வேண்டும், கீழே விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிச் சுருண்டுகொள்ள வேண்டும் என்பதை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு பள்ளியில் செய்தபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டிக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இளைஞர் மன்றத்திலிருந்து: எங்க தெருவுல இருபது நாய். ராத்திரி வேலை முடிஞ்சு வண்டில வர முடியலை. மொத்தமா பிடிச்சுக் கொன்னுட்டா நோயும் போயிரும்ல? ஒரு அம்மா தினமும் சோறு வேற வைக்கிறாங்க.

உங்கள் கஷ்டம் நியாயமானது தம்பி. இரவு வேலைக்குப் போகிறவர்களும், விடிகாலையில் பால், பேப்பர் போடுகிறவர்களும் படுகிற பாடு எனக்குத் தெரியும். 2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி ஏறத்தாழ 4.8 லட்சம். ரேபிசால் இறந்தவர்கள் 43 பேர். ஊசி போட்டால் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் இவை.

ஆனால் கொல்வது சட்டப்படி குற்றம், நோயையும் ஒழிக்காது. இருபது நாயைக் கொன்றால் குப்பையும் மிச்சச் சோறும் அப்படியே இருக்கும். அடுத்த தெரு நாய்கள் வந்துவிடும், அவற்றில் எதற்கு ஊசி போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நாய்களுக்குள் கிருமி பரவுவது அறுந்துவிடும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த அனுபவம். கோவாவில் வலைபோட்டுப் பிடித்து, ஊசி போட்டு, பெயிண்டால் அடையாளம் வைத்து விட்டார்கள். 2017-க்குப் பிறகு பல வருஷம் அங்கே ரேபிசால் ஒரு மனித உயிர் கூடப் போகவில்லை. இன்னொரு மாநிலம் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

2023-ன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையும் ஊசியும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று சொல்கின்றன. நகராட்சியிலும் ஊராட்சியிலும் மன்றத்தின் பெயரில் மனு கொடுங்கள், கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். சோறு வைக்கிற அம்மாவோடு சண்டை வேண்டாம். ஊசி போட வருகிறவர்களுக்கு நாயைப் பிடித்துக் கொடுக்க அவரை விட்டால் ஆள் இல்லை, அவர் கூப்பிட்டால்தான் நாய் வரும். பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம் தவிர்த்து ஓர் ஓரமாக வைக்கச் சொல்லி அவரிடம் பேசுங்கள். நாக்கு தொங்கி, எச்சில் வடித்து, கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு திரியும் நாயைக் கண்டால் உடனே உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இருட்டு மூலையில் வாயை மூட முடியாமல் சோர்ந்து படுத்திருக்கும் நாயும் அதே அளவு ஆபத்து. எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாயில் கைவிடாதீர்கள்.

நூற்பாலைத் தொழிலாளி, வேடசந்தூர்: நாலு தடவை போனா நாலு நாள் சம்பளம் போயிரும். ரெண்டு ஊசி போட்டேன், புண்ணும் ஆறிருச்சு. விட்டுரலாமா?

விட வேண்டாம் தம்பி. புண் ஆறுவதற்கும் நோய் வருவதற்கும் சம்பந்தமே இல்லை. தோல் மேலே ஆறிய பிறகுதான் கிருமி உள்ளே நடந்துகொண்டிருக்கும். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாதம், சில சமயம் ஒரு வருஷத்துக்கும் மேல் கூட ஆகும்.

உங்களைப் போல் பாதியில் விடுகிறவர்கள் ஏராளம். சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தினர் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசி கூடப் போடவில்லை என்று தெரிந்தது. போடத் தொடங்கியவர்களிலும் பாதிப் பேர் முழுத் தவணையை முடிக்கவில்லை. வருஷத்துக்குச் சுமார் 5,700 பேர் இந்தியாவில் ரேபிசால் இறக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வின் மதிப்பீடு. சோம்பலால் விடுகிறார்கள் என்று படித்தவர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாத வீடுகள் உண்டு.

ஆகவே வழி சொல்கிறேன். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்து 3, 7, 28-ஆம் நாட்களில் போட வேண்டும். முதல் ஊசி திங்கள் என்றால் வியாழன், அடுத்த திங்கள், பிறகு முதல் ஊசியிலிருந்து சரியாக நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். வெளியூர் போனால் அங்கே உள்ள அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டித் தொடரலாம். பெரிய மருத்துவமனைகளில் ஷிப்ட் முடிந்து இரவில் அவசரப் பிரிவுக்குப் போனாலும் போடுவார்கள். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நேரம் போடுகிறார்கள் என்று 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள். மில் மேற்பார்வையாளர்கள் யாராவது இதைப் படித்தால், ஊசி நாளில் இரண்டு மணி நேரம் அனுமதி கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

மூணு மாசம் முன்னாடி கடிச்சது, எதுவும் போடலை. இப்போ போட்டுப் பிரயோசனம் உண்டா?

உண்டு. அறிகுறி வராதவரை எப்போது வந்தாலும் போடுவார்கள். நேற்றுக் கடித்த கடி மாதிரியே நினைத்துக்கொண்டு, சீரம் உட்பட எல்லாவற்றையும் தொடங்குவார்கள். "இவ்வளவு நாள் கழிச்சா வர்றே" என்று யாராவது கடிந்துகொண்டால் பொறுத்துக்கொண்டு போட்டுவிட்டு வாருங்கள்.

போன வருஷம் முழுசாப் போட்டேன். மறுபடி கடிச்சிருச்சு.

சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த முறை இரண்டு தவணை போதும், முதல் ஊசி போட்ட நாளும், அதிலிருந்து மூன்று நாள் கழித்தும். சீரம் வேண்டாம். பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்த லாபம் கிடைக்கும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடைரோட்டிலிருந்து ஒரு அக்கா: ஏழாம் நாள் ஊசியன்னைக்கு ஊர்ல ஒரு சாவு, போக முடியலை. மூணு நாள் தாண்டிருச்சு. மறுபடி முதல்ல இருந்தா?

முதலிலிருந்து வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாளைக் காலை பழைய ஓ.பி. சீட்டோடு போய் ஏழாம் நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு, கடைசி ஊசி எந்தத் தேதி என்று சிஸ்டரிடம் கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.